லாரி விற்ற பணமும் உங்கள் அத்தையின் கேள்விகளும்

அன்புப் பிள்ளைகளே, உறவினர்களே, நண்பர்களே,

என் அக்காவை, பிள்ளைகளே, உங்கள் அத்தையை நினைத்தால், அவர்கள் போய் ஓராண்டு ஆன பிறகும் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்புதான் வருகிறது. அதிகம் படிக்காதவன் எழுதி வாசிப்பது, பிழை பொறுக்கவும்.

மோகனூரில் கரும்பு விவசாயி வீட்டில் பிறந்தவர்கள் அத்தை. நாமக்கல்லில் லாரி ஓட்டிய மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, ஆடு வளர்த்துச் சேர்த்து, அவரைச் சொந்த லாரிக்காரர் ஆக்கினார்கள். முதுகுவலியால் மாமா ஓட்ட முடியாமல் போனதும் லாரியை விற்றார்கள். பிள்ளை இல்லாத அவர்களுக்கு வயசான காலத்துக்கு இருந்தது அந்தப் பணம் ஒன்றுதான்.

அந்தச் சமயம் ஒருவர் வந்தார். போர் போடும், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும், ரிக் வண்டியில் பங்கு சேர்ந்தால் மாதாமாதம் உறுதியான வருமானம் என்றார். தெருவில் பாதிப்பேர் சேர்ந்தார்கள். மாமா மாரியம்மனிடம் பூக்கேட்கப் போனார். மடித்துப் போட்ட பொட்டலங்களில் ஒன்றை எடுத்து, வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். சிவப்பு வந்தது. “பொட்டலம் சரியா மடிக்கலீங்க” என்று பூசாரியிடம் சொல்லி மறுபடி கேட்டார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. நான்காவது வெள்ளை வந்ததும் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“ஆத்தா சரின்னுட்டா புள்ள!”

“ஏனுங்க, மூணு தடவ வேண்டாம்னவ, நாலாவதுக்குச் சலிச்சுப்போயி ‘எக்கேடோ கெட்டுப் போ’ன்னு சொல்லியிருப்பாளுங்க!”

கூட இருந்த நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனேன்.

மறுநாள் அந்த ஆள் வந்தார். காப்பி கொடுத்துவிட்டு அத்தை கேட்டார்கள்.

“வண்டி எங்கீங்க ஓடுது?”

“ஆந்திராவுலங்க.”

“எந்த ஊருன்னு சொல்லுங்க, பஸ் ஏறிப் பாத்துட்டு வந்தர்றோம். மழைக்காலத்துல போர் வேலை கொறைஞ்சு போயிருமே, அப்பவும் அதே பணம் எங்கிருந்துங்க வரும்?”

“அதெல்லாம் நாங்க பாத்துக்குவோமுங்க. இன்னிக்கே போட்டாத்தான் பங்கு.”

“அப்ப எங்களுக்கு வேண்டாமுங்க.”

சில மாதம் மற்றவர்களுக்குப் பணம் வந்தது. மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “ஊரே வாங்குது, நாம வேடிக்கை பாக்கறோம்.”

“வாங்கட்டுங்க. அவங்க குடுத்ததையே அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கறாரோ என்னமோ.”

பிறகு பணம் நின்றது, ஆளையும் காணோம். ஏமாந்தவர்களை அத்தை ஒரு சொல் சொல்லவில்லை. போலீசில் புகார் கொடுக்கத் துணைக்குப் போனார்கள்.

லாரிப் பணத்தில் பெரும்பகுதி தபால் ஆபீசுக்குப் போனது. கொஞ்சத்தில் வீட்டோடு ஒரு கடை கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஆத்திர அவசரத்துக்குக் கொஞ்சம் பேங்கில். பிள்ளைகளே, மொத்தத்தையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். புரியாததைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மனசுக்குள் முடிவு செய்துவிட்டு, அதற்குச் சம்மதம் மட்டும் தேடி அலையாதீர்கள்.

அத்தையின் கடைசி நாட்களில் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரிச் செலவுக்கு மாமா யாரிடமும் கைநீட்ட வேண்டியிருக்கவில்லை. அங்கும் அத்தை நர்சுகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த தம்பிகளுக்கும், கடைசிவரை தோள்கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

இன்றைய நினைவு விருந்து, தபால் ஆபீஸ் வட்டியில் மாமா போடுவது. “யாராவது பணம் நீட்டுனா சண்டைக்கு வருவேனுங்க” என்று வாசலில் நிற்கிறார். எல்லோரும் இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.