தாயின் கணவர்

பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "கட்டத்துக்குள்ள நிக்கணும், வெளிய வரக் கூடாது" என்கிறார். விண்ணப்பத்தில் எழுதும் எழுத்துகளைத்தான் சொல்கிறார். எதிரே நிற்கும் மனிதர் தம்மைச் சொல்வதாக நினைத்து ஓரடி பின்னால் போகிறார். தினமும் யாராவது ஒருவர் இப்படிப் பின்னால் போவார். எனக்கும் தினமும் சிரிப்பு வரும்.

பதிவு அலுவலக வாசலில், என் நகலகத்தை ஒட்டி அவருடைய மடக்கு மேசை. பிறப்பு, இறப்பு, வாடகை, ஓய்வூதியம் என்று எதற்கும் விண்ணப்பம் எழுதித் தருவார். கறுப்பு மை மட்டும். நாங்கள் வைத்த பெயர் 'கட்டம்'. அது அவருக்குத் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். காலையில் முதல் விண்ணப்பத்தைத் தொடும் முன் கண்ணை மூடி ஜெபிப்பார். "ஜெபத்தையும் மூணு பிரதி எடுக்கணுமா?" என்று ஒருமுறை சீண்டினேன். "அங்க ஒரு பிரதியே போதும்" என்றார், சிரிக்காமல்.

பொய் என்றால் ஆகாது. ஒரு அம்மாள் வயதில் இரண்டைக் குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சினார். இவர் பேனாவை மூடிவிட்டுத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் பார்த்தார். "கீழ 'மேற்கண்டவை உண்மை'ன்னு அச்சடிச்சிருக்கான். அதுக்கு மேல பொய்ய எழுதிட்டு எப்படிங்க கையெழுத்து போடறது?" அம்மாள் இரண்டு வயதையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவர் மணந்தபோது மனைவியின் இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. பெற்றவன், அது பிறக்கும் முன்பே கிளம்பிப் போனவன். மனைவிக்குச் சலவை நிலையத்தில் விடியற்காலை வேலை. ஆகவே சாப்பாடு கட்டுவது, ஜடை போடுவது எல்லாம் இவர்தான். வகிடு அளவுகோல் வைத்துக் கிழித்தது போல் இருக்கும். இப்போது அவளுக்குப் பத்து வயது. பள்ளி விட்டதும் தெருமுனையிலிருந்தே "அப்பா" என்று ஒரு கத்தல். வரிசையில் நிற்பவர்கள் மொத்தமும் திரும்பும். அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். வந்து இரண்டாவது நாற்காலியில் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு, அன்று எழுதியவற்றில் எழுத்துப்பிழை பார்ப்பாள். அவள் பார்க்காமல் ஒரு தாளும் மேசையை விட்டுப் போகாது.

இந்த ஆண்டு அவளைப் புதுப் பள்ளியில் சேர்க்க ஒரு விண்ணப்பம் வந்தது. ஊருக்கு எழுதும் அதே கவனத்தோடு எழுதினார். தந்தை பெயர் என்ற கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு. பாதுகாவலர் என்ற இடத்தில் தன் பெயர். உறவுமுறை: தாயின் கணவர். மை காய்ந்ததும், பழக்கதோஷம், "பிழை பாரும்மா" என்று அவளிடமே நீட்டினார்.

அவளுக்கு விஷயம் தெரியும், அம்மா சொல்லியிருக்கிறாள். ஆனால் எழுத்தில் பார்த்ததில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டு, "பிழை இல்ல" என்றாள். பிறகு நகல் எடுக்க என்னிடம் கொண்டுவந்தாள். நானும் படித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பிரதி எடுத்து, ஓரம் தட்டி, "சரியா இருக்கு பாப்பா" என்று கொடுத்து அனுப்பினேன். வாய் கிழியப் பேசுகிறவன் நான். அன்றைக்கு எனக்கு வந்த வாக்கியம் அது ஒன்றுதான். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மறுநாள் முதல் தெருமுனைக் கத்தல் இல்லை. "இங்க பாருங்க", "அம்மா வரச் சொன்னாங்க", அவ்வளவுதான். "வளந்துட்டா, மரியாதையெல்லாம் வந்துடுச்சு" என்று இவர் பெருமைப்பட்டுக்கொண்டார். இரண்டு வாரம் பொறுத்தேன். அப்புறம் முடியவில்லை.

"அன்னைக்கு அவ கையில என்னத்தக் குடுத்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

பேனா நின்றது. மை கட்டத்தைத் தாண்டிப் பரவியது, அவர் ஒற்றவில்லை.

"நான் பொய் எழுதலையே" என்றார். பேனாவை மூடிவிட்டு, "உண்மையையும் எழுதல" என்றார்.

அதற்குப் பிறகு அவள் எதிரே வந்து உட்கார்ந்தால் தாளைத் தேடுவது போல் குனிந்துகொள்வார். தத்தெடுப்பு விண்ணப்பம் எழுதலாமே என்றேன். "எத்தனை பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன், தெரியாதா? எட்டு வருஷமா எனக்கு எழுதத் தோணல பாருங்க. இப்ப எழுதலாம்னா அதுல பதினோராவது கட்டம் இருக்கு. பிள்ளையோட சம்மதம். எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

கிறிஸ்மஸ் காலை. எங்கள் இருவருக்கும் ஒரே ஆலயம். அவருக்கு இரண்டு வரிசை பின்னால் நான். போதகர் பிரசங்கத்தில் வழக்கமாக மேய்ப்பர்களிடமும் நட்சத்திரத்திடமும் போவார். இம்முறை தச்சர் யோசேப்பிடம் போனார்.

"பிள்ளை தன்னோடது இல்லன்னு அந்த மனுஷனுக்குத் தெரியும். தூதன் என்ன சொன்னான்? பயப்படாத, நீ பேர் வைன்னான். பேர் வைக்கிறது யாருங்க? அப்பா. கடவுள் நம்ம வீட்டுக்கு வந்தப்ப, தச்சரோட மகன்னு ஊர் கூப்பிடறதுக்குச் சம்மதிச்சுத்தான் வந்தார். கிறிஸ்மஸ்னா அதுதான்."

எல்லோரும் பாட எழுந்தார்கள். 'கட்டம்' எழவில்லை. மனைவி முழங்கையால் இடித்தும் தலை நிமிரவில்லை. அந்தக் குனிந்த முதுகைப் பார்க்க எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே பிள்ளைகளுக்குப் பரிசுப் பொட்டலம் கொடுத்தார்கள். மகள் மதிலோரம் நின்றிருந்தாள். இவர் போய், புதுக் கால்சட்டையோடு சரளைக்கல்லில் முழங்காலிட்டார். நான் நகர்ந்திருக்க வேண்டும், நகரவில்லை.

"அன்னைக்கு விண்ணப்பத்துல தப்பா எழுதிட்டேன்மா."

"நான் பாத்தேனே. பிழை இல்ல."

"நீ பாத்தது சரி. நான் எழுதினதுதான் தப்பு. உன் முகத்தைப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. அப்பான்னு எழுதியிருக்கணும். இனிமே எழுதட்டுமா? வேணாம்னா வேணாம்னு சொல்லு. அப்பவும் நான்தான் சாப்பாடு கட்டுவேன், நான்தான் ஜடை போடுவேன்."

அவள் அவரையே பார்த்தாள். வாசலில் தோழிகள் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவர் கையில் போட்டாள். அதன் மேல் பொட்டலத்தை வைத்தாள். காலணிக்குள் புகுந்த கல்லை, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உதறினாள்.

"கீழ போட்டுடாத, இதோ வரேன்" என்று ஓடினாள்.

அவர் மெல்ல எழுந்தார். சபை மூப்பர் "கிறிஸ்மஸ் வாழ்த்துகள்" என்று கை நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்தார். சட்டையையும் பொட்டலத்தையும் இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தார்.