ஆறாம் பக்கம் இரண்டாவதாக

இசைத்தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஓரமாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார் டெக்னீசியன். தூசி இருக்கிறது. ஊதலாம் என்று கன்னத்தை உப்பியவர், பின்னால் சிஸ்டர் நிற்பது நினைவுக்கு வந்து, காற்றை மெல்ல மூக்கு வழியே விட்டுவிடுகிறார். டயாலிசிஸ் பிரிவில் எதையும் ஊதக் கூடாது. வீட்டில் துவைத்துக் கொண்டுவந்த பழைய பனியன் துணியால் தட்டைச் சுற்றிச் சுற்றித் துடைக்கிறார். பிறகு கை கழுவுகிறார். காலை மணி எட்டு.

ஏழு மணிக்கே ஆறு நாற்காலிகளிலும் ஆறு பேர் சாய்ந்தாயிற்று. ஆளுக்கு இரண்டு ஊசி, ஒரு இயந்திரம், நாலு மணி நேரம். வாரத்தில் மூன்று நாள், அதே ஆறு பேர், அதே நாற்காலிகள். முதல் ஒரு மணி நேரம் டெக்னீசியன் பாட்டுப் பேச்சையே எடுக்க மாட்டார். யாருக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, யாருக்குக் கெண்டைக்கால் இழுக்கிறது என்று ஒரு சுற்று பார்த்து முடித்த பிறகுதான், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசைமேல் இருக்கும் பிளேயரிடம் போவார். இருபத்திரண்டு வருஷ வேலையில் அவர் ஒரே ஆளுக்கு இரண்டாம் முறை ஊசி குத்த நேர்ந்தது அபூர்வம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மற்ற விஷயங்களில் அவர் கொஞ்சம் கிறுக்கு.

ஐம்பதைத் தொடும் வயது. கனத்த உடம்பு, ரப்பர் செருப்பு, நடந்தால் சத்தம் வராது. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட வரும் இசைத்தட்டுகளை, அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கி வந்துவிடுவார். ஜாஸ், ராக், பியானோ, நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் வயலின், எந்த நாட்டு மொழி என்றே தெரியாத பாலைவனப் பாட்டு, எதுவானாலும் சரி. அவர் மனைவி, “வீட்டுக்குள்ள கொண்டாந்தா, தட்டோட சேத்து உங்களையும் எடைக்குப் போட்டுடுவேன்” என்று சொன்ன நாளில் பிளேயர் ஆஸ்பத்திரிக்குக் குடிவந்தது.

வாரத்துக்கு ஒரு ஆல்பம். அதற்கு அவர் வைத்திருக்கும் சட்டங்கள் மூன்று. ஆரம்பித்தால் கடைசிவரை கேட்க வேண்டும், நடுவில் ஒரு பாட்டைக்கூடத் தாண்டக் கூடாது. கேட்டு முடிக்கும்வரை உறையில் உள்ளதையோ, தட்டின் நடுவில் உள்ளதையோ யாரும் படிக்கக் கூடாது. “கவரப் படிச்சா அவன் சொன்னதத்தான் காது கேக்கும். படிக்காம போனாத்தான் நம்ம காது நமக்கு வேல செய்யும்” என்பார். மூன்றாவது சட்டம்தான் கடுமையானது: முடிந்ததும் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஆனால் ‘நல்லா இருக்கு’, ‘நல்லா இல்ல’ இரண்டும் கூடாது. “அது கல்யாண வீட்டுல கை கழுவும்போது சொல்றது. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க.”

சொன்னதை வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதி, ஆல்பத்தின் உள்ளட்டையில் ஒட்டி வைப்பார். ஒரு ஜாஸ் ஆல்பத்தில் இரண்டாம் நாற்காலி லாரி டிரைவர் சொன்னது இருக்கிறது: “அஞ்சு பேரும் ஒரே நேரத்துல ஓவர்டேக் பண்றானுங்க. ஒருத்தனும் இடிச்சுக்கல.” காது கிழியும் கிதார் ஆல்பம் ஒன்றுக்கு மூன்றாம் நாற்காலி டெய்லரம்மா: “நல்ல துணிய வேணும்னே கிழிச்சுத் தச்சிருக்கான். ஆனா தையல் பிரியல தம்பி.” வயலின்காரர்களுக்கு டெக்னீசியனே சொன்னது: “நாலு பேரு ஒரே கூடத்துல முக்கா மணி நேரம் சண்ட போடாம பேசிக்கிறாங்க. என்னால நம்ப முடியல.”

ஆறாம் நாற்காலிக்குப் புதிதாக வந்தவர், பஸ் நிலையத்தில் முப்பத்தைந்து வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் ஆல்பம் முடிந்து அவர் முறை வந்தபோது சொன்னார்: “நாப்பத்தோரு நிமிஷம், இருபது செகண்டு.”

“ஐயா, அது எவ்வளவு நேரம்னு சொல்றது. உங்களுக்கு என்ன தோணுச்சு?”

“நாப்பத்தோரு நிமிஷம், இருபது செகண்டுன்னு தோணுச்சு.”

“விடு தம்பி, அவருக்கு வந்தது அதுதான்” என்றார் டெய்லரம்மா. டெக்னீசியன் அதையும் எழுதி ஒட்டினார்.

சிரிக்கிற விஷயமில்லாத ஒன்றும் டைம் கீப்பரிடம் இருந்தது. நாலு மணி நேரத்தில் மூன்றுதான் இருப்பார். சரியாகப் பத்து மணிக்கு, “ம், கழட்டு” என்பார். உடம்பில் மிச்சம் நிற்கும் தண்ணீர் நெஞ்சில் ஏறி, ஒரே மாதத்தில் இரண்டு முறை மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். மூன்றாவது முறை உயிரோடு வந்து சேருவார் என்று தன்னால் சொல்ல முடியாது என டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்தார். “ஒரு மணி நேரம் லேட்டா போய்ச் சேர்ற பஸ்ஸுல நான் எவனையும் ஏத்தினதில்ல டாக்டர்” என்று பதில் வந்தது. மகள் ஒவ்வொரு முறையும் வாசலில் காத்திருந்து, அப்பாவை வண்டியில் ஏற்றும் முன் டெக்னீசியனின் முகத்தைப் பார்ப்பாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று, படம் வரைந்து காட்டியாயிற்று. எதற்கும் மசியவில்லை.

இந்த நிலையில்தான் அந்த மூன்று தட்டு ஆல்பம் வந்தது. கதையைப் பேச்சில்லாமல் முழுக்கப் பாட்டாகவே பாடும் மேடை நாடகம். கூட்டத்துக்கு முன்னால் பாடும்போதே பதிவு செய்தது. மொழி யாருக்கும் தெரியாது. சட்டப்படி எதையும் படிக்காமல், முதல் தட்டின் முன்பக்கம், பின்பக்கம், அடுத்த தட்டின் முன்பக்கம், பின்பக்கம் என்று டெக்னீசியன் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார். முதல் பக்கத்தில் ஒருத்தி துள்ளித் துள்ளிப் பாடினாள். இரண்டாவதில் அவள் குரல் தேய்ந்து நின்றது, ஒருவன் கதறினான், கூட்டம் கைதட்டித் தீர்த்தது. மூன்றாவதில் அவளே விருந்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். நாலாவது முடிந்தபோது பத்து மணி. டைம் கீப்பர் கழற்றச் சொல்லிப் போய்விட்டார்.

மற்றவர்கள் கடைசிவரை கேட்டார்கள். டெக்னீசியனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “புரியுதா? அவ முதல்லயே செத்துட்டா. மிச்சமெல்லாம் அவன் பழச நெனச்சுப் பாக்கறது. அதான் திரும்பத் திரும்பச் சிரிக்கிறா. என்ன ஒரு மூளை!” டெய்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரி டிரைவர், “ஆமாண்ணே, ரிவர்ஸ்லயே மலை ஏறிட்டான்” என்றார். எல்லாம் பிளாஸ்திரியில் ஏறியது. வீட்டில் மனைவியிடமும் அரைமணி நேரம் விளக்கினார். அந்த அம்மா கேட்டார், கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து டைம் கீப்பர் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றார். எடை பார்க்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்ப்பா, ஆறாவது ட்ரிப்ப ரெண்டாவதா கிளப்பிட்டியே.”

“என்ன ட்ரிப் ஐயா?”

“அந்தப் பாட்டுதான். ரெண்டு நாளா எனக்கு உக்கார முடியல. ரெண்டாவது போட்டப்ப எவ்வளவு நேரம் கைதட்டினான்? நாலு நிமிஷம். நாலு நிமிஷம் கைதட்டறவன் எந்திரிச்சு வீட்டுக்குப் போறவன். அப்புறம் காலி சீட்டுக்கா பாடினாங்க?”

“அது கதையிலயே அப்படித்தான் ஐயா. அவன் பழச நெனச்சு...”

“கதைய விடு. அந்தப் பொண்ணு மொதல்ல தெம்பாப் பாடினா. ரெண்டாவதுல மூச்சு வாங்குது. மூணாவதுல கல்லு மாதிரி இருக்கா. நாலாவதுல கொஞ்சமா இளைக்குது.” கையால் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். “மூச்சு முட்டறது எனக்குத் தெரியும் தம்பி. அது அப்படித் திரும்பி வராது.”

டெக்னீசியன் ஆல்பத்தை எடுத்து வந்தார். சட்டத்தை மீறி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தட்டின் நடுவில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். முன்பக்கம் ஒன்று. பின்பக்கம் ஆறு. அடுத்த தட்டில் இரண்டும் ஐந்தும். அதற்கடுத்ததில் மூன்றும் நாலும். பழைய காலத்துப் பிளேயர்களில் தட்டுகளை மொத்தமாக அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து பாடும். எல்லாம் முடிந்ததும் அடுக்கை அப்படியே திருப்பி வைப்பார்கள். அதற்கென்று அச்சடித்த வரிசை அது. படிக்கத் தெரிந்த எவரும் செய்யாத தப்பு; படிக்க மாட்டேன் என்று சட்டம் போட்டவர் மட்டுமே செய்யக்கூடியது.

“செத்தவள எழுப்பி விருந்துக்கு அனுப்பிட்டியே தம்பி” என்றார் டெய்லரம்மா. “நான் வேற அழுது தொலச்சேன்.”

“நம்ம ஆஸ்பத்திரிக்கு நல்ல விளம்பரம்ணே” என்றார் லாரி டிரைவர்.

சிஸ்டர் ஊசித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: “நல்லவேள, மெஷின்ல எந்த டியூப் எங்க போகணும்னு படிச்சுட்டு மாட்றாரு.”

“அது வேற சிஸ்டர், இது வேற” என்ற டெக்னீசியனுக்குக் காது சிவந்துவிட்டது. உள்ளட்டையில் ஒட்டியிருந்த தன்னுடைய பிளாஸ்திரியை நகத்தால் உரித்தார். பாதி அட்டையும் சேர்ந்து வந்தது. பிறகு ஆறாம் நாற்காலியிடம் போய், “இன்னிக்கு ஒழுங்கா ஓட்டறேன் ஐயா” என்றார்.

“ஓட்டு. பத்து மணி வரைக்கும் நான் பாத்துக்கறேன். மூணும் நாலும்தான் எனக்குப் பாக்கி. அஞ்சும் ஆறும் கேட்டாச்சு.”

டெக்னீசியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ‘இன்னும் ஒரு மணி நேரம்’ என்ற அந்தப் பழைய வார்த்தைதான். அதை விழுங்கிவிட்டு, டைம் கீப்பரின் கை நரம்பைத் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் ஊசியை ஏற்றினார்.

எட்டு மணிக்குப் பாட்டு தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. இந்த முறை அவள் துள்ளினாள், காதலித்தாள், விருந்தில் சிரித்தாள். மூன்றாம் பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் வந்து அவளிடம் கெஞ்சினார். அதன்பின் அவள் சிரிப்பு சரியாக வரவில்லை. டெக்னீசியன் ஓசையில்லாத செருப்போடு நாற்காலி நாற்காலியாகப் போய் அழுத்தம் பார்த்தார். ஆறாம் நாற்காலியில் எண்கள் நன்றாகவே இருந்தன. இன்னும் இறக்க வேண்டிய தண்ணீர்தான் நிறைய இருந்தது.

நாலாம் பக்கம் ஓடி முடிந்தது. சுற்றும் தட்டின் நடுவில் பிளேயர் ஊசி கரகரத்துக்கொண்டிருந்தது. மணி பத்து. வழக்கப்படி சிஸ்டர் பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துக்கொண்டு ஆறாம் நாற்காலியை நோக்கி வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், இரண்டாம் தட்டைக் கையில் வைத்தபடி டெக்னீசியன் நின்றார்.

டைம் கீப்பர் கண்ணைத் திறக்கவில்லை. ஊசி ஏறாத கையை மட்டும் தூக்கி, கிளம்பும் பஸ்ஸை நிறுத்துகிறவரைப் போல உள்ளங்கையை சிஸ்டருக்கு நேரே விரித்துக் காட்டினார்.

டெக்னீசியன் தட்டைத் திருப்பினார். நடுவில் இருந்த எண்ணை ஒரு முறை படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை படித்தார். அதன் பிறகே ஊசியை இறக்கினார்.