துண்டைத் தொட்டவர்கள்

துணிக்கடையில் துண்டைத் தொட்டுப் பார்த்தவர் வாங்காமல் போகமாட்டார் என்று மார்க்கெட்டிங் பேராசிரியை தன் ஆய்வுக் கட்டுரையில் அடித்துச் சொல்லியிருந்தாள். கட்டுரையை அனுப்பியிருந்த ஆய்விதழின் மதிப்பீட்டாளர், முகம் தெரியாத புண்ணியவான், சோதனையை மறுபடி செய்யச் சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை அவள் பின்னறையில் உட்கார்ந்து கேமராவில் பார்த்தாள். எல்லாரும் தொட்டார்கள்; ஒருவரும் வாங்கவில்லை.

முதல் சோதனையின் கேமரா பதிவைப் போட்டாள். அலமாரியை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு, தொட்டவர்களையெல்லாம் முறைத்தபடி நின்றது சாட்சாத் அவளேதான்! பாவம், பயந்துபோய் வாங்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டுரையின் தலைப்பை அழித்துவிட்டு, ‘முறைத்தால் விற்குமா?’ என்று தட்டினாள்.

கணவர் எட்டிப் பார்த்தார். “இதுக்கெல்லாம் ஆராய்ச்சி வேணுமா? என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான அன்னைக்கே சொல்லியிருப்பேனே!”

அவள் நிமிர்ந்து முறைத்தாள். அவர் டீ போடப் போனார்.