மாமா செய்யாத சத்தியம்

1997 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மேற்கே மலையில் நல்ல மழை. கம்பத்துக்குத் தெற்கே எங்கள் ஊருக்குச் சாரலும் காற்றும்தான் வந்துசேர்ந்தன. கருப்பசாமி கோயில் வாசலில் கற்பூரம் பற்றவைக்க நான்கு தீக்குச்சி செலவானது. அன்று எனக்குப் பத்து வயது; இன்றும் நாற்பது ஆகவில்லை. எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பதால் வீட்டில் கிழவன் என்று பெயர்.

வழக்கு என் தாய்மாமனுக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும். இருவருக்கும் கிணறு ஒன்று, மோட்டாரும் ஒன்று, ஆளுக்கு ஒருநாள் முறை. மாமாவின் முறை முடிந்த மறுநாள் காலையில், தண்ணீர் வற்றிய பிறகும் ஓடி, மோட்டாரின் செம்புக் கம்பிச்சுற்று, அதாவது காயில், கருகிக் கிடந்தது. மாமா நிறுத்தாமல் போய்விட்டார் என்றார் தோட்டக்காரர். மாமா சிவப்புப் பொத்தானை அழுத்தியபோது நான் பக்கத்தில் நின்றேன். ஆனால் பத்து வயதுப் பையனின் சாட்சி செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். பிறகு யார் ஓட்டியது என்பது இன்றுவரை தெரியாது.

இப்படிப்பட்ட வழக்கில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் போதும். மாமாவிடம்தான் சிக்கல். அவர் கருப்புச் சட்டை போட்டவரல்ல, மேடையில் பேசியவரல்ல. வெற்றிலை போடுவதைச் சிலர் விட்டுவிடுவதுபோலச் சாமி கும்பிடுவதை விட்டிருந்தார், அவ்வளவுதான்.

“ஏப்பா, நீ சாமியே இல்லேங்கிறவன்,” என்றார் ஊர்ப் பெரியதனக்காரர். “பத்துக் கற்பூரத்தைக் கூட அணைப்ப. அதை நாங்க எப்படி நம்புறது?”

“நான் எதைத் தொட்டா நம்புவீக?”

“கரண்டு கம்பியைத் தொடச் சொல்லுங்க, அதை மட்டும்தான் நம்புவாரு,” என்று கூட்டத்தில் ஒருவர் சொல்ல, பூசாரிகூடச் சிரித்தார்.

பெரியதனக்காரரின் கண் என்மேல் விழுந்தது. “அக்கா மகன் இங்கனதான நிக்கிறான்? புள்ள தலையில அடிச்சுச் சொல்லு. ஏத்துக்கிறோம்.”

நான் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. சாமி இருந்தால், மாமா சொல்வது உண்மை என்பதால் எனக்கு ஒன்றும் ஆகாது. சாமி இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

மாமா என் தலையைக் கொஞ்சநேரம் பார்த்தார். “அவன் தலை எதுக்கு? காயில் செலவை நானே குடுத்துர்றேன்.”

“பாத்தீகளா, உள்ளுக்குள்ள பயம் இருக்குல்ல!” என்று துள்ளினார் தோட்டக்காரர். யாரும் கேட்காமலே தன் மகளை இழுத்து நிறுத்தி, மாமாதான் நிறுத்தாமல் போனார் என்று அவள் தலையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார். அவள் பள்ளியில் என்னோடு படிப்பவள்.

திரும்பும் வழியில் நான் அழுதேன். “உங்களைப் பொய்யன்னு சொல்றாக மாமா. அடிச்சா எனக்கு என்ன ஆயிருக்கும்?”

“ஒண்ணும் ஆகாது.”

“பெறகு?”

“நடலே, சாரல் வலுக்குது.”

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர் மகள் என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். “சுடுதா பாரு,” என்றாள். சுடவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். ராத்திரி அவள் அம்மா விளக்கைப் போட்டுப் போட்டு அவளைத் தொட்டுப் பார்ப்பதாகவும் சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் தலையாவது அவள் அப்பாவுக்கு உதவியது.

நான் அந்த வாரம் ஏழு ராத்திரியும் படுத்தவுடன் தூங்கிப்போனேன். அந்தத் தூக்கத்துக்கு ஒரு விலை உண்டென்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. காயில் கட்ட 1,850, மோட்டாரைக் கம்பத்துக்கு ஏற்றி இறக்க ஜீப்புக்கு 240, சத்தியம் செய்ய மறுத்ததற்குக் கோயிலுக்கு அபராதம் 51. ஆக மாமாவுக்கு ஆனது 2,141 ரூபாய்.