நிசார் ஓதிய தேவாரம்

போர்க்காலம். எப்போதும் ஒரே தேவாரத்தோடு தொடங்கி என் வகுப்பறை அனுபவங்களை எழுதிவந்த வலைப்பூவில், பாடசாலையில் எறிகணை விழுந்து மாணவி ஒருத்தி இறந்ததையும் எழுதினேன். மறுநாள் துறைமுகத்தருகே, என் பதிவுகளைத் தட்டச்சிடும் நிசாரின் இணையக் கடையில் நான் அமர்ந்திருந்தபோது ஆயுததாரிகள் புகுந்தனர்.

“ஆரடா இதை எழுதினது?”

மேசைக்கடியில் என் காலை மிதித்தபடி, “நான்தான்” என்றார் நிசார்.

“முஸ்லிம் ஏனடா தேவாரத்தில தொடங்கிறான்? எங்க, சொல்லு பாப்பம்!”

வாரந்தோறும் தட்டச்சிட்ட பாடலை அவர் பிழையின்றி ஓதினார். ஆயினும் துப்பாக்கிப் பிடியால் அவருடைய விரல்களை நொறுக்கிவிட்டே போயினர்.

குருதி வழியும் கையோடு அவர் சொன்னார்: “அழாதீங்க சேர். வாற கிழமை நீங்கதான் டைப் பண்ணோணும்.”

அடியார் வடிவில் இறைவன் வருவான் என்று எத்தனையோ முறை பாடியிருக்கிறேன். கண்டது அன்றுதான்.