ரேடியோ மண்டபத்து மைக்

தஞ்சாவூர்ப் பூங்காவில் எனக்குத் தோட்ட வேலை. அறிவிப்பு மைக்கையும் நீயே பார்த்துக்கொள் என்று மேலதிகாரி சொன்ன அன்று காய்ச்சலே வந்துவிட்டது. நாலு பேர் முன்னால் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆள் நான்.

பூங்காவின் நடுவில் ரேடியோ மண்டபம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலத்தில், சாயங்காலச் செய்தி கேட்பதற்காகக் கட்டியது. சுற்றிலும் கோர்ட், நூலகம், பத்திரப் பதிவு ஆபீஸ். அங்கே காத்திருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குழாய் ஸ்பீக்கர்களை அந்தந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ரேடியோ போய்விட்டது. ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கின்றன.

மைக் வேலையின் முதல் நாளே வேதாரண்யத்து அம்மா ஒருவர் ஓடி வந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரைக் காணும். காபி குடிக்கப் போனவரு. போனு என் பையில கெடக்கு. பத்திரத்துக்குக் கூப்பிடப் போறாங்க, அவங்களும் கையெழுத்துப் போடணும். என் தம்பி ராத்திரி துபாய்க்கு ஃப்ளைட் ஏறுறான். இன்னைக்கு விட்டா, அவன் வந்து கையெழுத்துப் போட ரெண்டு வருஷம் ஆகும்."

"பேரைச் சொல்லுங்கம்மா."

"அவங்க பேரை நான் எப்படிச் சொல்றது? செல்வம் அப்பான்னு கூப்பிடுங்க."

மைக்கைப் பிடித்தேன். "செல்வம் அப்பா, ரேடியோ மண்டபத்துக்கு வரவும்."

கோர்ட் பக்கமிருந்து ஒருவர் வந்தார். புல்தரையிலிருந்து இன்னொருவர். இருவருமே செல்வத்தின் அப்பாக்கள்தான். "என் பையனுக்கு என்னங்க ஆச்சு?" என்று ஒருவர் பதறினார். அந்த அம்மா தலையில் கை வைத்தார்.

"நகருங்கண்ணே" என்று மைக்கைப் பிடுங்கினார். "ஏங்க! எங்கங்க போனீங்க? கூப்பிடுறாங்க, வாங்க!"

பெஞ்சுகளில் இருந்த ஆண்களெல்லாம் எழுந்து நின்றார்கள். ஒருவர் கையிலிருந்த பஜ்ஜியை மறைத்தார். நூலக வாசலிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஒருவர் ஓடி வந்தார். பேப்பர் படித்தபடி தூங்கிவிட்டாராம்.

"முன்னாடி நான் கூப்பிட்டது கேக்கலையாங்க?" என்றேன்.

"செல்வம் ஊருக்குப் பத்து பேருங்க. இந்தக் குரல் ஒண்ணுதானே!" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாவின் பின்னால் ஓடினார்.

சாயங்காலம் அந்த அம்மா திரும்பி வந்து, "கையெழுத்து ஆயிடுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்.

புதிதாக மைக் பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பூங்கா மூடும் நேரத்தில் 'பொதுமக்கள் கவனத்திற்கு' என்று வாசித்துப் பார்த்திருக்கிறேன், ஒருவரும் அசையமாட்டார்கள். இப்போதெல்லாம், "ஏங்க, கேட்டைச் சாத்தணும், கிளம்புங்க" என்கிறேன். சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறார்கள். எனக்கும் நாக்கு ஒட்டுவதில்லை.