நைனாவின் காருக்கு ஃபேன் மாட்டியது

நைனாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. சித்தூர் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பரீட்சை அறையில் பிள்ளைகளைப் பார்த்த அதே பார்வையை ஓய்வு பெற்றபோது வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளுமாக அவரும் நானும்தான். அதனால் அவருடைய சந்தேகத்தில் பெரும்பங்கு எனக்கு.

அவர் நம்புகிற ஒரே பொருள் அவருடைய பழைய கார். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் வாங்கியது. மேல் கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். அதில் உட்கார்ந்தால் பக்கத்தில் போகும் ஆட்டோக்காரர்கூட நம்மைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். போன கோடையில் அதன் இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விசிறியில் ஓர் இறக்கை விரிசல் விட்டது. அதே மாதிரி விசிறி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கரண்டில் ஓடும் ஃபேன் ஒன்றை ரேடியேட்டருக்குப் பின்னால் பொருத்திவிடலாம் என்றார், திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்.

அந்த மெக்கானிக் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சால பாக உந்தி சார், ரொம்ப நல்லா இருக்கு வண்டி. எப்பனா குடுக்கறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். முடிந்தது கதை. நானும் அவரும் கூட்டுச் சேர்ந்து காரைத் தன்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறோம் என்று நைனா அன்றே முடிவு கட்டிவிட்டார்.

ஃபேன் லேசில் உட்காரவில்லை. ரேடியேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவில் இருந்த இடம் அவ்வளவு குறுகல். மெக்கானிக் முதலில் பிளாஸ்டிக் கயிற்றால் ரேடியேட்டரோடு சேர்த்துக் கட்டப் பார்த்தார். நைனா விடவில்லை. இரும்புப் பட்டையில் சட்டம் செய்து மாட்டினார்கள், இறக்கை இடித்தது. சட்டத்தைக் கழற்றி வளைத்து மறுபடியும் மாட்டினார்கள். நைனா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரே தவிர, தானாக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஷெட்டில் இஞ்சினை எவ்வளவு நேரம் ஓட விட்டாலும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. சந்தோஷமாகக் கிளம்பினோம். சந்திரகிரி தாண்டி வேகம் எடுத்ததும் முள் ஏறத் தொடங்கியது. நிறுத்துவதற்குள் முன்பக்கமெல்லாம் ஆவி. காத்திருந்து, ஆற வைத்து, மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தால் ஒன்றும் ஆகவில்லை. ஊரில் மற்ற கார்கள் நெரிசலில் நின்றால் கொதிக்கும், ஓடினால் ஆறும். எங்கள் கார் நின்றால் ஆறியது, ஓடினால் கொதித்தது.

"பாத்தியா?" என்றார் நைனா. "ஷெட்ல மட்டும் ஓடற மாதிரி செஞ்சி வெச்சிக்கிறான். ரோட்டுல நின்னா நாமளே சலிச்சிப்போயி குடுத்துடுவோம்னு கணக்கு."

நான் அவரை அதட்டினேன். ஆனால் எனக்கும் அந்த மெக்கானிக் மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. மறுபடியும் கொண்டுபோனோம். தண்ணீர்க் குழாய்களை மாற்றி, வடமாலபேட்டை வரை ஓட்டிப் பார்த்தார். அங்கேயும் கொதித்தது. திரும்பி வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. சார் ரேடியேட்டர்ல ஏதாவது ஊத்தறாரா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தும், வீட்டுக்குப் போனதும் நைனாவின் அலமாரியில் ஏதாவது புட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். ஆளுக்கு ஆள் சந்தேகம் என்று ஆகிவிட்டது.

"அடுத்த தபா நீ வராத நைனா. வெயில்ல எதுக்கு ஒனக்கு அலைச்சல்? நானே எட்துக்கினு போறேன்" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "இன்னொரு தபா கொதிச்சா வித்துடு. உனுக்கும் நிம்மதி" என்றார். ஆனால் கிளம்புகிற அன்று காலையில் நான் வெளியே வந்தபோது, சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் போனபோது ஷெட்டில் வேறொரு வண்டி வேலை முடிந்து நின்றிருந்தது. மெக்கானிக் அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இஞ்சினை ஓட விட்டு, முன்பக்கத்தில் சாம்பிராணி காட்டினார். எந்த வண்டியானாலும் வேலை முடிந்தால் அவர் அப்படிச் செய்வது வழக்கமாம். நைனா அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம வண்டிக்கு மட்டும் ஏன் காட்டல?" என்று கேட்டார்.

மெக்கானிக் சங்கடப்பட்டார். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க சார். ஒங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான்."

"நான் கும்பிட மாட்டேன். ஆனா ஊருக்கெல்லாம் செய்யற வேலைல எனக்கு மட்டும் ஏன் கொறை வெக்கற? அத்தயும் செய்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெக்கானிக் எங்கள் காரை ஓட விட்டு, சாம்பிராணியைக் கொண்டுவந்து முன்பக்கக் கம்பிகளுக்கு நேரே பிடித்தார். புகை உள்ளே போகவில்லை. குபுகுபுவென்று அவர் முகத்தில் வந்து அடித்தது. இருமிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். மறுபடியும் காட்டினார். மறுபடியும் முகத்திலேயே அடித்தது.

"ஏமிட்ரா இதி! மத்த வண்டின்னா பொகைய உள்ள இழுத்துக்கும். இது வெளிய தள்ளுதே. ஃபேன் தலைகீழா சுத்துது மேடம்!"

வண்டி நிற்கும்போது அது பெரிய தவறில்லை. எந்தப் பக்கமாகவாவது காற்று ஓடும். வேகமாகப் போகும்போது எதிரே வருகிற காற்றை இந்த ஃபேன் முட்டித் தடுத்திருக்கிறது. மெக்கானிக் வயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சிவப்பும் கறுப்பும் வழக்கம்போல இருந்தன. கடைசியில் சீட்டுக்குப் பின்னால் விரிப்பைத் தூக்கி, மூடியைத் திறந்து, அங்கே ஒளிந்திருந்த பேட்டரியைப் பார்த்தார். எல்லா வண்டியிலும் மைனஸ் பக்கம்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். இதில் பிளஸ் பக்கம் சேர்ந்திருந்தது. அந்தக் காலத்துச் சீமைக் கார்களில் அப்படித்தானாம். அதனால் வழக்கம்போல மாட்டிய ஃபேனுக்குக் கரண்ட் தலைகீழாகப் போயிருக்கிறது.

அவர் நிமிர்ந்தார். "சார், இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் நைனா.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சிக்கினு ஏன் நைனா சொல்லல? நடுரோட்டுல நின்னு ஆவி வுட்டப்பகூடவா?"

"அவனா கண்டுபுடிக்கறானான்னு பாத்தேன். அதுக்கும் ஃபேனுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

மெக்கானிக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இரண்டு வயரையும் கழற்றி இடம் மாற்றினார். காகிதம் ஒன்றை முன்பக்கத்தில் வைத்தார். அது கம்பிகளில் ஒட்டிக்கொண்டது. சந்திரகிரி வரை வேகமாகப் போய்விட்டு வந்தோம். முள் அசையவே இல்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சார், இந்த வண்டில எனக்குச் சொல்லாதது இன்னும் ஏதாவது இருக்கா?"

நைனா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மிரண்ட பார்வை அது. அவரிடம் அப்படியொரு பார்வையை அதற்குமுன் நான் கண்டதில்லை.

"இருக்குது" என்றார். "அடுத்த தபாவும் என்னைக் கூட்டிக்கினு வந்தா சொல்றேன்."